நடை மட்டும் போதாது: கடலோர மூதாட்டிகள் விழாமல் இருக்க உடலைப் பழக்கும் முறை

தொண்டியிலிருந்து மண்டபம் வரையிலும், அங்கிருந்து கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வரையிலும் உள்ள கடலோர ஊர்களில் இயன்முறை மருத்துவராக வீடு வீடாகச் சென்று வரும்போது நான் அதிகம் கேட்ட சொல் ஒன்று உண்டு: "கடலுக்குள்ள முங்கிப் பாசி எடுத்த ஆளு, இப்பக் கிணத்தடியில விழுந்துட்டாக." இடுப்பளவு நீரில், அலை தள்ளத் தள்ள, பாறையின் மேல் கால் ஊன்றி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மரிக்கொழுந்து என்னும் கடற்பாசியைப் பறித்தவருக்குச் சமநிலை என்பதை யாரும் கற்றுக்கொடுக்கத் தேவை இருந்ததில்லை. அதே பெண் அறுபதைக் கடந்து கடலை விட்டுக் கரையேறிய பிறகு, மகனும் மருமகளும் அன்பினால், "நீங்க பேசாம உக்காருங்க அப்பத்தா, நாங்க பாத்துக்கிறோம்" என்று திண்ணையில் அமர்த்திவிடுகிறார்கள். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து அவர் விழும்போது வயதைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். வயதுக்கு அதில் பங்கு உண்டு என்றாலும், அமர்ந்தே கழிந்த அந்த ஆண்டுகளுக்கும் பெரும் பங்கு உண்டு என்பதையும், இழந்ததில் கணிசமான பகுதியை எழுபதிலும் எண்பதிலும்கூட மீட்க முடியும் என்பதையும் சொல்லவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது கைக்குழந்தைகளாக இருந்தவர்களே இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். எனவே இது நம் கடற்கரையில் பல்லாயிரம் வீடுகளின் செய்தி.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ 28 முதல் 35 விழுக்காட்டினர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் விழுகிறார்கள். 70 வயதைக் கடந்தவர்களிடம் இது 32 முதல் 42 விழுக்காடு வரை உயர்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இதன் விளைவு கடுமையானது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் எலும்பு வேகமாக அடர்த்தியை இழக்கிறது; தொடையிலும் இடுப்பிலும் உள்ள தசைகள் இளைக்கின்றன; ஆகவே முன்பு சிராய்ப்போடு போயிருக்கக்கூடிய ஒரு சறுக்கல், பின்னாளில் மணிக்கட்டையோ இடுப்பெலும்பையோ முறித்துவிடுகிறது.

"தினமும் நடக்கிறாகளே, அது போதாதா?" என்பதுதான் என்னிடம் வரும் முதல் கேள்வி. போதாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2019இல் வெளியிட்ட மீளாய்வு, 25 நாடுகளில் 23,407 பேரிடம் நடந்த 108 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. உடற்பயிற்சி பொதுவாக விழும் நிகழ்வுகளை 23 விழுக்காடு குறைத்தது. சமநிலைப் பயிற்சியையும் தசை வலுப் பயிற்சியையும் சேர்த்துச் செய்தபோது அந்தக் குறைவு ஏறத்தாழ 34 விழுக்காடாக இருந்தது. நடைப்பயிற்சி மட்டும் செய்தவர்களிடம் நன்மை நிறுவப்படவில்லை. நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, அதை விடவேண்டியதில்லை. ஆனால் சமதளத்தில் ஒரே சீராக நடக்கும்போது உடல் தடுமாறுவதே இல்லை. தடுமாறாத உடல், தடுமாற்றத்திலிருந்து மீளக் கற்றுக்கொள்வதும் இல்லை. பாதங்களுக்கு இடையிலான அகலத்தைக் குறைப்பது, உடலின் எடையை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் நகர்த்துவது, கைப்பிடியைச் சிறிது சிறிதாக விடுவது ஆகிய மூன்றுமே சமநிலையைச் சோதிக்கும் வழிகள். கீழே சொல்லப்படும் பயிற்சிகள் யாவும் இந்த மூன்றின் மேல்தான் நிற்கின்றன.

தொடங்குவதற்கு முன்

கடந்த ஓராண்டில் இரண்டு முறைக்கு மேல் விழுந்தவர்கள், எழுந்து நிற்கும்போது தலை சுற்றுபவர்கள், நெஞ்சுவலி உள்ளவர்கள், அண்மையில் எலும்பு முறிந்தவர்கள், முதுகெலும்பு நொறுங்கியிருப்பதாக எக்ஸ்ரேயில் தெரிந்தவர்கள் ஆகியோர் மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்கவேண்டும். உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தூக்க மாத்திரையும் சில இரத்த அழுத்த மாத்திரைகளும் விழுவதற்குக் காரணமாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவற்றை மருத்துவரே மாற்றவேண்டும், நாமாக நிறுத்தக்கூடாது. கண்ணில் புரை இருந்தால் அதை அகற்றிக்கொள்வதும் இதே வேலையின் ஒரு பகுதிதான். வீட்டை விட்டு வெளியே வரமுடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீட்டிற்கே வருகிறது. ஊரில் உள்ள சுகாதாரப் பணியாளரிடம் பெயரைக் கொடுத்து வையுங்கள்.

அடுத்து, இப்போதைய நிலையை அளந்து ஒரு நாள்காட்டியில் எழுதுங்கள். முழங்கால் உயரமுள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 நொடிகளில் எத்தனை முறை முழுமையாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணவேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பயன்படுத்தும் அளவின்படி, 65 முதல் 69 வயதுள்ள பெண்ணுக்கு 11 முறைக்குக் குறைந்தாலும், 70 முதல் 79 வரை 10 முறைக்குக் குறைந்தாலும், 80 முதல் 84 வரை 9 முறைக்குக் குறைந்தாலும் விழும் வாய்ப்பு கூடுதல். கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் எண்ணிக்கை பூஜ்யம்; அதற்காக யாரும் மனம் தளரவேண்டாம், நான் பயிற்சி தொடங்கிய பெண்களில் பலருக்கு முதல் நாள் எண்ணிக்கை அதுவாகவே இருந்தது. இரண்டாவதாக, ஒருவர் அருகில் நிற்க, ஒரு பாதத்தின் குதிகால் மற்றொரு பாதத்தின் விரல்நுனியைத் தொடும்படி நேர்கோட்டில் வைத்து, பிடிக்காமல் 10 நொடிகள் நிற்க முடிகிறதா என்று பார்க்கவேண்டும். முடியாவிட்டால் சமநிலைப் பயிற்சிக்கு முதலிடம் கொடுக்கவேண்டும் என்று பொருள்.

இடமும் நேரமும்

நம் வீடுகளில் உள்ள பிளாஸ்டிக் நாற்காலி பிடித்துக்கொள்ள ஏற்றதன்று. அது எடையற்றது, வழவழப்பான தரையில் நழுவும், பக்கவாட்டில் சாய்ந்தால் காலோடு விரியும். சமையல் மேடை, சன்னல் கம்பி, திண்ணைத் தூண் ஆகியவையே நம்பத்தக்க பிடிகள். உட்கார்ந்து எழும் பயிற்சிக்குத் திண்ணை போதிய உயரத்தில் இருந்தால் அதைவிடச் சிறந்த இருக்கை வேறில்லை. சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொள்ளவேண்டும். நைட்டி அணிபவர்கள் அதன் விளிம்பு காலில் படாத நீளத்தில் அணியவேண்டும். தொளதொளத்த ரப்பர் செருப்போடு பயிற்சி செய்யவே கூடாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலும் வேண்டாம். பின்பக்கம் வார் உள்ள செருப்பு அணிந்துகொள்ளவேண்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை, நம் வெயிலுக்குக் காலை ஏழு மணிக்கு முன்போ மாலை வெயில் தாழ்ந்த பிறகோ நல்லது. சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் தொடங்கக்கூடாது. நோன்பு மாதத்தில் நோன்பு திறந்து, நீர் அருந்தி, சற்று இளைப்பாறிய பின் செய்யலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகில் செல்லும் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். அருகில் நின்று பிடித்துக்கொள்ள ஆள் கிடைக்கும் அந்த 61 நாட்கள், புதிதாகத் தொடங்குபவருக்குப் பொருத்தமான காலம் என்பது என் அனுபவம். தசை வலு கூடுவது கண்ணுக்குத் தெரிய ஏறக்குறைய அதே அளவு காலம்தான் ஆகும்.

கால் வலுவுக்கான பயிற்சிகள்

இவற்றை வாரத்தில் மூன்று நாட்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யவேண்டும்.

முதலாவதும் முதன்மையானதும் உட்கார்ந்து எழுதல். திண்ணையின் விளிம்புக்கு நகர்ந்து வந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வைத்து, மூக்கு கால் விரல்களுக்கு நேராக வரும் அளவுக்கு முன்னால் சாய்ந்து எழவேண்டும். பெரும்பாலானோர் சாயாமல் நிமிர்ந்தபடியே எழ முயன்று, முடியாமல் பின்னால் விழுந்து, "என்னால ஆகாது" என்று விட்டுவிடுகிறார்கள். சாய்வைச் சொல்லிக் கொடுத்ததும் அதே நிமிடத்தில் எழுந்தவர்கள் உண்டு. உட்காரும்போது பொத்தென்று விழாமல், மூன்று வரை எண்ணியபடி மெல்ல இறங்கவேண்டும். வலு பெரிதும் கூடுவது இந்த இறக்கத்தில்தான். தொடக்கத்தில் இரண்டு கைகளையும் ஊன்றலாம், பின்னர் ஒரு கை, பின்னர் கை இல்லாமல். எட்டு முதல் பத்து முறை, நடுவே ஓய்வெடுத்து இரண்டு சுற்று. முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் இருக்கையில் மடித்த போர்வை ஒன்றைப் போட்டு உயர்த்திக்கொண்டால் வலி குறையும்.

அடுத்து, சமையல் மேடையைப் பிடித்து நின்று, இரண்டு குதிகால்களையும் உயர்த்திக் கெண்டைக்காலை இறுக்கி, மெல்ல இறக்கவேண்டும், பத்து முறை. பிறகு குதிகாலில் நின்று முன்பாதத்தைத் தூக்கவேண்டும். இதுவும் பத்து முறை. இந்த இரண்டாவது பயிற்சியைப் பலரும் அற்பமாக நினைத்துத் தவிர்க்கிறார்கள். ஆனால் நிலைவாசலிலும் பாயின் விளிம்பிலும் கால் இடறுவதற்கு, முன்பாதத்தைத் தூக்கும் தசை சோர்ந்துபோயிருப்பதே பல நேரங்களில் காரணம்.

மூன்றாவதாக, மேடையைப் பிடித்தபடி, உடலைச் சாய்க்காமல் ஒரு காலைப் பக்கவாட்டில் தூக்கி இறக்கவேண்டும். இடுப்பின் பக்கத் தசைதான் ஒற்றைக் காலில் நிற்கும்போது நம்மைத் தாங்குகிறது. நடை என்பதே மாறி மாறி ஒற்றைக் காலில் நிற்பதுதான் அல்லவா? நான்காவதாக, நாற்காலியில் அமர்ந்து முழங்காலை நீட்டி மடக்கவேண்டும். இவ்விரண்டும் பத்து முறை எளிதாக வந்துவிட்டால் எடை சேர்க்கவேண்டும். விலைக்கு வாங்கத் தேவையில்லை. அரைக் கிலோ மணலைத் துணிப்பையில் போட்டுத் தைத்துக் கணுக்காலில் கட்டினால் போதும். அது எளிதானதும் முக்கால் கிலோ, பின்னர் ஒரு கிலோ.

பயிற்சியின் மறுநாள் தொடை உளைச்சலாக இருப்பது இயல்பு, இரண்டொரு நாளில் நீங்கும். மூட்டுக்குள் குத்தும் வலி, மூச்சுத்திணறல், நெஞ்சிறுக்கம், கண் இருட்டுதல் ஆகியவை வந்தால் அன்றோடு நிறுத்தி மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

சமநிலைப் பயிற்சிகள்

இவற்றை நாள்தோறும் செய்யலாம். மேடையின் முன் நின்று, பாதங்களை ஒட்டி வைத்து 10 நொடிகள் நிற்பதில் தொடங்கி, ஒரு பாதத்தைப் பாதியளவு முன்னகர்த்தி நிற்றல், பின்னர் குதிகாலும் விரலும் தொடும்படி நேர்கோட்டில் நிற்றல், கடைசியாக ஒற்றைக் காலில் நிற்றல் என்று படிப்படியாக முன்னேறவேண்டும். ஒவ்வொரு படியிலும் கைப்பிடிக்கும் படிகள் உண்டு: இரண்டு கைகள், ஒரு கை, இரண்டு விரல்கள், மேடைக்கு மேலே தொடாமல் மிதக்கும் கை. சிறிதும் ஆடாமல் நிற்க முடிகிறது என்றால் அந்தப் படி முடிந்துவிட்டது, அடுத்ததற்குச் செல்லவேண்டும். உடல் சற்று ஆடுவதும், கணுக்கால் அதைத் திருத்த முயல்வதுமே பயிற்சி. ஆனால் பிடி எப்போதும் ஒரு சாண் தொலைவுக்குள் இருக்கவேண்டும்.

நிற்றலுக்குப் பிறகு நகர்தல். மேடை நெடுகப் பக்கவாட்டில் நடப்பது, சுவரை ஒட்டிப் பின்னோக்கி நடப்பது, தரை ஓட்டின் கோட்டின் மேல் அடிமேல் அடியாக நடப்பது, இரண்டு செம்புகளைத் தரையில் வைத்து எட்டு வடிவில் அவற்றைச் சுற்றி வருவது ஆகியவை போதும். இவை பழகியதும் வாயையும் மனத்தையும் வேறு வேலையில் ஈடுபடுத்தவேண்டும். பேச்சுக் கொடுத்தால் நின்றுவிடும் பெண்ணுக்கு விழும் ஆபத்து கூடுதல். ஏனெனில் அவர் நடப்பதற்கே கவனம் முழுவதையும் செலவிடுகிறார். நான் மீன் பெயர்களைச் சொல்லியபடி நடக்கச் சொல்வேன். சூடை, காரல், நகரை, விளமீன், பாறை, ஊளி, சீலா என்று அவர்கள் அடுக்கிக்கொண்டே எட்டுப் போடுவார்கள். பெயர்கள் தீர்ந்தால் நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து எண்ணலாம்.

கடற்கரை மணலில் நடக்கலாமா என்று கேட்பார்கள். காய்ந்த மணல் ஒவ்வோர் அடிக்கும் கீழே நழுவுவதால், அங்கே நடக்கத் தரையில் நடப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆற்றல் தேவைப்படுகிறது. களைத்த கால்தான் தடுமாறும். ஆகவே முதல் மூன்று மாதங்களுக்கு மணல் வேண்டாம். அதன்பின், அலை வந்துபோன இடத்து இறுகிய ஈரமணலில், ஒருவர் உடன்வர, நூறு அடியில் தொடங்கலாம். கரை சரிவாக இருப்பதால் போகும் வழியிலேயே திரும்பி வந்தால்தான் இரண்டு இடுப்புக்கும் சமமான வேலை கிடைக்கும்.

தரையிலிருந்து எழுதல்

மீன் ஆய அரிவாள்மணையின் முன் அமர்ந்தும், ஓலை முடையத் தரையில் அமர்ந்தும் வாழ்ந்த பெண்கள், முழங்கால் வலி வந்ததும் தரையைக் கைவிடுகிறார்கள். ஐவேளையும் தரையில் தொழுதுவரும் கீழக்கரை உம்மாமார்களில் சிலர் எழுபதைக் கடந்தும், நெற்றி தரையில் படப் பணியும் சுஜூதிலிருந்து நிற்கும் நிலைக்கு எளிதாக எழுவதைக் காணும்போது, நாள்தோறும் செய்யப்படும் அசைவு எவ்வளவு காலம் உடலில் தங்குகிறது என்று எனக்கு விளங்கும். மருத்துவர் தடுக்காதவர்கள் அனைவரும் தரையிலிருந்து எழும் முறையை ஒருவர் துணையோடு பழகிவைப்பது நல்லது. விழுந்தபின் எழ முடியாமல் மணிக்கணக்கில் தரையில் கிடப்பது, விழுந்ததைவிடவும் பெரிய தீங்கைச் செய்யக்கூடும்.

முறை இது: ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி, கைகளாலும் முழங்கால்களாலும் தவழும் நிலைக்கு வந்து, கட்டிலையோ திண்ணையையோ நோக்கித் தவழ்ந்து சென்று, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்து, வலுவான காலை முன்னால் ஊன்றி, அழுத்தி எழுந்து, உடனே திரும்பி அதன்மேல் அமரவேண்டும். உண்மையாகவே விழுந்தபோது முதலில் அசையாமல் படுத்து மூச்சுவிட்டு, எங்கே வலிக்கிறது என்று பார்க்கவேண்டும். இடுப்பிலோ தொடையின் மேற்பகுதியிலோ கடும் வலி இருந்தாலும், ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலும், எழவும் கூடாது, யாரும் தூக்கவும் கூடாது, 108ஐ அழைக்கவேண்டும். அதுவரை தலையணை கொடுத்து, போர்வை போர்த்தி வைத்திருங்கள். தனியே இருப்பவர்கள் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு பித்தளைச் செம்பையும் கரண்டியையும் வைத்திருந்தால், குரல் எழும்பாதபோதும் தட்டி அக்கம்பக்கத்தாரை அழைக்கலாம்.

வீட்டைப் பற்றிச் சில சொற்கள் மட்டும். கிணற்றடிப் பாசியை வாரம் ஒருமுறை சுண்ணாம்போ பிளீச்சிங் பவுடரோ போட்டுத் தேய்த்துவிடவேண்டும். முற்றத்தில் காயும் வலையையும் கயிற்றையும் நடைபாதையிலிருந்து விலக்கவேண்டும். மின்சாரம் போகும் இரவுக்காகத் தலைமாட்டில் டார்ச் இருக்கவேண்டும். படுக்கையிலிருந்து எழும்போது கால்களைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் அமர்ந்து, கணுக்காலை இருபது முறை அசைத்துவிட்டு நிற்கவேண்டும். இராமேசுவரம் கோயிலில் 22 தீர்த்தங்களும் ஆடிவிட்டு ஈரச்சேலையோடு கல் தளத்தில் நடக்கும்போது ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தயங்கக்கூடாது.

எவ்வளவு, எவ்வளவு காலம்

எல்லாம் சேர்ந்து வாரத்துக்கு மூன்று மணி நேரம் என்பது இலக்கு. முதல் மாதத்தில் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் செய்தாலும் போதும்; இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏதேனும் ஒன்றைக் கடினமாக்கவேண்டும், இல்லையேல் பயிற்சி வெறும் வழக்கமாகத் தேங்கிவிடும். நியூசிலாந்தில் 80 வயதைக் கடந்த 233 பெண்களிடம் நடத்தப்பட்டு 1997இல் வெளியான ஆய்வில், வீட்டிலேயே இத்தகைய பயிற்சி செய்த குழுவில் ஓராண்டில் 88 விழுதல்களும், செய்யாத குழுவில் 152 விழுதல்களும் பதிவாயின. இயன்முறை மருத்துவர் அவர்கள் வீட்டுக்குச் சென்றது முதல் இரண்டு மாதங்களில் நான்கு முறைதான். பின்லாந்தில் 70 முதல் 80 வயதுள்ள 409 பெண்களை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு இன்னொரு நுட்பத்தைக் காட்டியது: பயிற்சி பெற்றவர்கள் விழுந்த எண்ணிக்கை குறையவில்லை என்றாலும், மருத்துவம் தேவைப்படும் காயங்கள் பாதிக்கும் கீழே குறைந்தன. ஆகவே பயிற்சி தொடங்கிய பின் ஒருமுறை விழுந்துவிட்டார் என்பதற்காக, "இதெல்லாம் வேணாம்" என்று வீட்டார் நிறுத்திவிடக்கூடாது. காயமில்லாமல் எழுந்தார் என்றால் அதில் பயிற்சிக்கும் பங்கு இருக்கலாம்.

பன்னிரண்டு வாரம் முடிந்ததும் அதே நாற்காலியில், அதே 30 நொடிச் சோதனையை மீண்டும் செய்து, முதல் எண்ணிக்கைக்கு அருகில் எழுதுங்கள். காய்ச்சலாலோ ஊருக்குப் போனதாலோ இரண்டு வாரங்கள் விட்டுப்போனால், விட்ட படியிலிருந்து தொடராமல், மணல் பையை அவிழ்த்துவைத்துவிட்டு, மறுபடியும் இரண்டு கைகளாலும் மேடையைப் பிடித்துக்கொண்டு தொடங்கவேண்டும்.